பியாத் மாதாவுக்கு ஒரு சேலை

அம்மாவுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ நேர்ந்திருந்தால் ஒரு ராத்திரி பஸ்ஸில் போய் முடித்திருக்கலாம். அம்மா நேர்ந்துகொண்டது பியாத் மாதாவுக்கு. பிலிப்பைன்ஸ் நாட்டின் வடக்கு மூலையில், ககாயான் மாகாணத்தில், சீக்கோ ஆற்றோரம் இருக்கும் சின்ன ஊர் பியாத். அங்கே கோயில் கொண்டிருக்கிற தாய் அவள்.

2021 மே மாதம் அம்மா நாகர்கோவிலில் ஆக்சிஜன் வைத்துக் கிடந்தாள். நான் குவைத்தில் நர்ஸ். ஊருக்குப் போனால் திரும்பி வர வழியில்லாத நேரம் அது. அதே வார்டில் என்னோடு வேலை பார்க்கும் தோழிக்குச் சொந்த ஊர் பியாத். தன் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த மாதா படத்தைக் காட்டி, "எங்க அம்மாகிட்ட சொல்றேன், உன் அம்மா பேரை எழுதிக் கொடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெயர் போனில் பியாத்துக்குப் போனது. தோழியின் அம்மா அதை ஒரு தாளில் எழுதி ஜெபமாலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, தெருப் பெண்களைக் கூட்டி தினமும் ஜெபமாலை சொன்னார். கொரோனா அவர்கள் ஊரையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் வீடுகளிலும் காய்ச்சல் இருந்தது. அதற்கு நடுவில், முன்பின் பார்க்காத ஒருத்திக்காக, பெயரைக்கூட வாயில் நுழையாமல் திக்கித் திக்கிச் சொல்லி மன்றாடினார்கள்.

அம்மா பிழைத்து வீடு வந்ததும் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அந்த மாதாவுக்கு ஒரு சேலை சாத்தணும் மக்ளே. அந்த அம்மாவையும் நான் நேர்ல பாக்கணும்" என்றாள்.

பணம், லீவு, அம்மாவின் மூட்டுவலி என்று தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூனிலிருந்து இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் பிலிப்பைன்ஸ் போகலாம் என்று வந்த பிறகு, இனி சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. மாதாவின் திருவிழா ஜூலை 2-ஆம் தேதி. அதற்கே போவது என்று முடிவு செய்தோம்.

மணிலாவிலிருந்து துகேகராவ் நகரத்துக்கு விமானம் உண்டு. திருவிழா நெருக்கத்தில் எங்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ராத்திரி பஸ்தான். ஒழுங்காகப் போனாலே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். நுவேவா விஸ்காயா மலைப்பாதையில், டால்டன் கணவாய்ப் பக்கம், மழையில் மண் சரிந்து லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்கள் பஸ்ஸும் இருட்டில் அப்படியே நின்றது. அம்மாவுக்குக் கால் மடக்கி உட்கார முடியவில்லை, முனகத் தொடங்கிவிட்டாள். பக்கத்து சீட்டில் இருந்த பெண் எதுவும் கேட்கவில்லை. தன் சாக்கு மூட்டையை இழுத்து நடைபாதையில் வைத்து, அம்மாவின் இரண்டு கால்களையும் தூக்கி அதன்மேல் நீட்டிவிட்டு, தன் மேல்துணியைப் போர்த்திவிட்டாள். எந்த ஊர்க்காரியோ, விடியுமுன்னே இறங்கிப் போய்விட்டாள். மாதா வழித்துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

துகேகராவ் வெயிலுக்குப் பேர் போன ஊர். 42.2 டிகிரி வரைக்கும் போன பதிவு உண்டு. நாங்கள் இறங்கியபோது மழை விட்டுப் புழுங்கியது. அதைவிட எரிச்சலைக் கிளப்பியவர்கள் வேன்காரர்கள். பியாத் என்ற சொல் வாயில் வந்ததும் நாலு பேர் பையைப் பிடித்து நாலு பக்கம் இழுக்கிறார்கள். ஒருவன் ஏற்றும்போது ஒரு தொகை சொன்னான், பாதி வழியில் நிறுத்தி, திருவிழா என்று இன்னொரு தொகை கேட்டான். தாயைப் பார்க்க வருகிற கிழவிகளிடம் பிடுங்குகிற இந்தப் பிழைப்பு எந்த நாட்டிலும் மாறாது போலிருக்கிறது. கொடுத்துத் தொலைத்தேன்.

ககாயான் ஆற்றின் நீளமான புந்துன் பாலத்தைத் தாண்டி, சொலானா வழியாகப் போகிறது சாலை. இரண்டு பக்கமும் வயலும் சோளக்கொல்லையும். மழை விட்ட சின்ன இடைவெளியில் சாலையின் ஒரு பாதியை மறித்துச் சோளத்தைக் காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் ஒதுங்கிப் போகின்றன, யாரும் ஹாரன் அடித்துத் திட்டுவதில்லை. அம்மா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்ம ஊருல மாதிரியே காயப்போட்டிருக்கு பாரு" என்று காட்டிக்கொண்டே வந்தாள். பியாத்தில் இருப்பவர்கள் 20,000-க்கு மேல். நெல், சோளம், நிலக்கடலைதான் பிழைப்பு. எங்கள் பக்கம் போலவே வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்தில் எழுந்த வீடுகளும் உண்டு.

தோழி வீட்டு வாசலில் அவள் அம்மா நின்றிருந்தார். அம்மாவைவிடக் குள்ளம், நரைத்த தலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து, அம்மாவின் வலது கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை அங்கே அதுதான். அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை நெற்றிக்குப் போனதும், வீட்டில் எங்களுக்குப் போடுகிற மாதிரியே ஒவ்வொரு பிள்ளைக்கும் பெருவிரலால் சிலுவை வரைந்துவிட்டாள். கடைசிப் பிள்ளைக்கு வரைந்து முடித்ததும், அந்தத் தாயே குனிந்து தன் நெற்றியையும் நீட்டினார். அதற்குமேல் எனக்குக் கண் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் பாவா என்ற பலகாரம் கொடுத்தார்கள். பியாத்தின் சொந்தப் பலகாரம். அரிசிமாவுக்குள் நிலக்கடலையும் சர்க்கரையும் வைத்து அவித்தது, நம் கொழுக்கட்டையேதான். அம்மா இரண்டாவதையும் கேட்டு வாங்கினாள்.

ஜூலை 1 மாலையே கோயிலுக்குப் போய்விட்டோம். கூட்டம் சொல்லி மாளாது. பாயை விரித்து ராத் தங்கியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே புகும் குழுக்கள். மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்து விற்கிறார்கள். பீடத்துக்கு நேரே நிற்கிறவர்கள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறக்குவதே இல்லை. தாயின் முன்னால் நிற்கக் கிடைத்த ஒரு நிமிஷத்தையும் படம் பிடிப்பதில் கழிக்கிறார்களே என்று மனசு கொதித்தது. அம்மாவை நடுவில் விட்டு நானும் தோழியும் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நகர்த்திக்கொண்டு போனோம்.

பீடத்தின் கீழே வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். பொன் முடியும் விரிந்த மேலாடையுமாக மாதா. முகம் கறுப்பு. நல்ல மண்ணின் கறுப்பு. கையில் குழந்தை. அம்மா எதுவும் கேட்கவில்லை. "நம்ம நெறத்துலதான் இருக்கா" என்று மட்டும் சொன்னாள். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், நகரவில்லை.

இந்தச் சுரூபம் மரமும் இல்லை, கல்லும் இல்லை. காகிதக்கூழில் செய்தது. சீனக் கரையில் இருக்கும் மக்காவ் என்ற ஊரிலிருந்து 1604-இல் சாமிநாதர் (டொமினிக்கன்) சபைக் குருக்கள் கொண்டுவந்தது. நடுவில் இவளை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, பதிலுக்கு வேறொரு பெரிய சுரூபத்தைக் கொடுத்தார்களாம். அந்த மண்ணின் இதாவித் இன மக்கள், எங்கள் தாய்தான் வேண்டும் என்று விடாமல் கேட்டு, 1623 டிசம்பர் 26 அன்று ஊர்வலமாக அழைத்து வந்தார்கள் என்று தோழியின் அம்மா சொல்வார். மறுவருஷமே மழையில்லாமல் பயிர் கருகியபோது ஊரே இவள் காலில் விழ, மழை கொட்டியது என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. புயலுக்குப் பஞ்சமில்லாத ஈரப் பள்ளத்தாக்கில், நானூறு வருஷத்துக்கு மேலாகக் காகிதத்தில் நிற்கிறாள். 1954-இல் முடிசூட்டினார்கள். வேளாங்கண்ணி 1962-இல் பசிலிக்கா ஆனது போல, 1997-இல் இந்தக் கோயிலையும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பசிலிக்காவாக உயர்த்தினார்.

சேலையை என்ன செய்வார்களோ என்று எனக்குப் பயம் இருந்தது. சேலை சாத்துவது அங்கே பழக்கமில்லாதது. கோயில் ஊழியம் செய்யும் பெண் ஒருவர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. தோழி விஷயத்தைச் சொன்னதும் அவர் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டார். போய், பீடத்தின் படியில் பூக்களுக்கு நடுவே, கரை தெரியும்படி மடிப்பு மடிப்பாக விரித்து வைத்தார். அம்மா அப்போதுதான் அழுதாள். ஆக்சிஜன் வைத்திருந்த நாட்களில்கூட அழாதவள் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

ஓரமாக ஒரு பெஞ்சில் இடம் கிடைத்தது. தோழியின் அம்மா தன் ஜெபமாலையை எடுத்து, இதாவித் மொழியில் தொடங்கினார். ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் மரியாயின் ஜெபத்தில் முதல் பாதியை அவர் சொல்லி நிறுத்தினார். அம்மா தயங்கவே இல்லை. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று மறு பாதியைத் தமிழில் எடுத்துக்கொண்டாள். அடுத்த மணி. அதற்கடுத்த மணி. ஒருவர் மொழி ஒருவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொடங்க வேண்டும் என்பதில் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பத்து மணிகளுக்கு ஒருமுறை அம்மா தொடங்கினாள், அவர் முடித்தார். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜெபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாம் தேவரகசியம் முடிந்ததும் அந்தத் தாய் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மடிப்பில் கிழிந்து, வேர்வையில் மங்கி, அம்மாவின் பெயர். குணமான பிறகும் அவர் அதை எடுத்துப் போடவில்லை. இன்றுவரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறாராம்.

மறுநாள் பாடற்பூசை, மழையில் மாதாவின் பவனி, குடைகளுக்கு மேல் குடைகள். எதையும் வரிசையாக எழுத எனக்கு வரவில்லை. தாயே, பியாத்தின் மாதாவே, உனக்குக் கோடி நன்றி. எங்கள் பெயர் தெரியாமலே எங்களுக்காக முழங்காலில் நின்ற அந்தத் தெருப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் நல்ல சுகம் கொடு. கடலுக்கு அப்பால் உழைக்கிற அவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்று.

கிளம்பும்போது தோழியின் அம்மா வேளாங்கண்ணியைப் பற்றி விசாரித்தார். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு இப்போது பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். மணலில் முழங்காலால் போவார்களாமே, தானும் போக வேண்டும் என்கிறார். அம்மா வீட்டின் முன்னறையை வெள்ளையடிக்கச் சொல்லித் தம்பியை இப்போதே விரட்டிக்கொண்டிருக்கிறாள்.