ஆப்பிரிக்காவில் அந்நிய ராணுவத் தளங்கள்: ஜிபூட்டியில் தொடங்கிப் படித்த அனுபவம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு இரண்டாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் சீரிஸில் (மாதிரித் தேர்வுகளில்) ஒரு கேள்வி வந்தது: ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் (சோமாலியா, ஜிபூட்டி, எத்தியோப்பியா, எரித்ரியா இருக்கும் கிழக்கு மூலை) அந்நிய ராணுவத் தளங்கள் பெருகுவதற்கான காரணங்களையும் இந்தியாவுக்கு அதனால் வரும் விளைவுகளையும் ஆராய்க. 15 மதிப்பெண், 250 சொல். எனக்குப் பிடித்த பகுதி என்பதால் உற்சாகமாக எழுதினேன். அமெரிக்காவின் தளம் எங்கே, சீனாவின் தளம் எங்கே, துருக்கி எங்கே என்று வரிசையாக அடுக்கினேன். திருத்தி வந்த தாளில் 4 மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'தளங்களின் பெயர் இருக்கிறது, காரணம் எங்கே?'

அந்த வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. உண்மையிலேயே காரணம் எனக்குத் தெரியாது. 'வல்லரசுகளின் போட்டி' என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான். இடம் கொடுத்த நாடு ஏன் கொடுத்தது என்று ஒரு முறைகூட நான் யோசித்திருக்கவில்லை. அதன் பிறகு மூன்று வாரம் இதை மட்டும் படித்தேன். உங்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வரைபடம். அச்சடித்த படத்தைப் பார்த்தால் மனதில் நிற்காது, கையால் வரைய வேண்டும். நான் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் தினமும் ஒரு தடவை வரைந்தேன். மேலே சூயஸ், நடுவில் நீளமாகச் செங்கடல், கீழே போகப் போக ஒடுங்கி பாப் எல் மண்டெப் நீரிணை. அந்த இடத்தில் அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் ஏடன் வளைகுடா. நீரிணையின் கிழக்குக் கரையில் ஏமன், மேற்குக் கரையில் எரித்ரியாவும் ஜிபூட்டியும். நாலைந்து நாள் வரைந்ததும் பேனா தானாகவே அந்தக் குறுகலான இடத்தில் நின்றது. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஆயுதக் குழுவான ஹவுதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனது ஏன் என்பதை அதன் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, ஒரே ஒரு நாட்டை எடுத்து அடிவரை படியுங்கள். நான் எடுத்தது ஜிபூட்டி. பரப்பு சுமார் 23,200 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை பத்து லட்சத்தை ஒட்டி. விவசாயம் செய்ய நிலமில்லை, எண்ணெய் வளம் இல்லை. ஆப்பிரிக்காவிலேயே மிகத் தாழ்வான இடமான அசால் ஏரி இங்கேதான், கடல் மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே. உப்பும் வெயிலும் துறைமுகமும்தான் சொத்து.

1977 ஜூன் 27 அன்று பிரான்ஸிடமிருந்து சுதந்திரம் பெற்றது. ஆனால் பிரெஞ்சுப் படை போகவில்லை. இதை 'காலனியத்தின் எச்சம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட நானும் பார்த்தேன். அப்போதுதான் சோமாலியாவின் கொடி கண்ணில் பட்டது. அந்த ஐந்து முனை நட்சத்திரம் சோமாலிகள் வாழும் ஐந்து பகுதிகளைக் குறிக்கிறது. அதில் ஒன்று ஜிபூட்டி! பக்கத்து நாடு தன் கொடியிலேயே உரிமை கொண்டாடுகிறது. இன்னொரு பக்கம் பெரிய எத்தியோப்பியா. சுதந்திரம் கிடைத்த அதே வருடம் அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே ஒகாடன் போர் மூண்டது. அப்படி ஒரு நிலையில் இருக்கும் புது அரசு, பிரெஞ்சுப் படையைக் காவலுக்கு வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன? அந்நியப் படை இருப்பது உள்ளூர் அரசின் கணக்கிலும் எழுதப்பட்டிருந்தது என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன்.

அதற்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்தோடு வந்தார்கள். 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் கோல் தாக்கப்பட்டது, அடுத்த வருடம் செப்டம்பர் 11. அதையடுத்து பிரெஞ்சு அந்நியர் படையின் பழைய முகாமான கேம்ப் லெமனியர் அமெரிக்கர் கைக்கு வந்தது. 2014-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது வாடகை வருடத்துக்கு சுமார் 6.3 கோடி டாலர். சோமாலியக் கடற்கொள்ளையால் தன் வணிகக் கப்பல்கள் தவித்ததால் ஜப்பான் 2011-ல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நாடு வெளிநாட்டில் அமைத்த முதல் நிரந்தரத் தளம் அது. அடுத்து இத்தாலி. 2017 ஆகஸ்ட் 1 அன்று, சீன ராணுவமான மக்கள் விடுதலைப் படையின் 90-வது ஆண்டு நாளில், சீனா தன் முதல் வெளிநாட்டுத் தளத்தைத் திறந்தது. லெமனியரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அடுத்த வருடமே, சீனத் தளத்திலிருந்து வந்த லேசர் ஒளியால் தன் விமானிகள் இருவரின் கண்ணில் காயம் என்று அமெரிக்கா புகார் செய்தது; சீனா மறுத்தது.

இதையே வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரே ஆளுக்கு மொத்த வீட்டையும் விட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். ஐந்து பேருக்குப் பிரித்து விட்டால் யாரும் மிரட்ட முடியாது. ஜிபூட்டி செய்வது அதைத்தான். எரித்ரியாவோடு 1998-ல் போர் வந்ததும் எத்தியோப்பியா அங்கிருந்த அசாப் துறைமுகத்தைப் பயன்படுத்தும் வழியை இழந்தது. இன்று அதன் கடல்வழி வணிகத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஜிபூட்டி வழியாகப் போகிறது. அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் 750 கிலோமீட்டர் ரயில் பாதையைச் சீன நிறுவனங்கள் கட்டின. துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டுக்குக் கொடுத்திருந்த டொராலே கொள்கலன் முனையத்தை 2018 பிப்ரவரியில் அரசு தானே எடுத்துக்கொண்டது. சின்ன நாடு என்று யாரும் இதை ஏமாற்றிவிட முடியாது. ஆனால் இந்தப் பாராட்டோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். 1999 முதல் இஸ்மாயில் ஒமர் குல்லேதான் அதிபர். வாடகை வருகிறது, அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியையும் பதிலில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஜிபூட்டி பிடிபட்ட பிறகு, நேரெதிரான ஒரு உதாரணம் தேடினேன். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் கிடைத்தது. அகாடெஸில் சுமார் 11 கோடி டாலர் செலவில் அமெரிக்கா ட்ரோன் தளம் கட்டியது, 2019-ல் பறக்கத் தொடங்கினார்கள். 2023 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ரத்து, ஆகஸ்டில் அகாடெஸ் ஒப்படைப்பு. அவ்வளவு பணம் கொட்டிய தளத்தில் ஐந்து வருடம்தான் இருக்க முடிந்தது. பிரான்ஸ் படை வெளியேறிய கதை இன்னும் நீளம்: 2022-ல் மாலி, 2023-ல் புர்கினா பாசோவும் நைஜரும், 2025-ல் சாட், ஐவரி கோஸ்ட், செனகல்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு, என் முதல் நோட்ஸிலும் இருந்தது. 'பிரான்ஸ் போனது, ரஷ்யா வந்தது' என்று எழுதிவிடுவது. மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றுக்கும் அது பொருந்தும். ராணுவ ஆட்சிகள், ரஷ்யப் படையாட்களை அழைத்தன. செனகல் அப்படியில்லை. 2024-ல் தேர்தலில் வென்று வந்த அரசு, தன் மண்ணில் அந்நியப் படை இருப்பது இறையாண்மைக்கு ஒவ்வாது என்று சொல்லி அனுப்பியது. பதிலுக்கு யாரையும் கூப்பிடவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை எழுதினாலே நீங்கள் செய்தித்தாளைத் தாண்டிப் படித்திருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

அப்புறம், தளத்துக்குள் யாருடைய சட்டம் செல்லும் என்ற விஷயம். பாடநூல்களில் இது ஒரு வரியோடு போய்விடும். கென்யாவின் நன்யூகியில் பிரிட்டிஷ் பயிற்சிப் படை இருக்கிறது. அங்கே 2012-ல் ஒரு இளம்பெண் கொலையானார். முன்னாள் பிரிட்டிஷ் வீரர் ஒருவர் மீது கென்ய நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது 2025 செப்டம்பரில். பதின்மூன்று வருடம்! அந்தக் குடும்பத்துக்கு இறையாண்மை என்ற சொல் என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்தபடி அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸ் உரிமை கோரும் சாகோஸ் தீவுகளையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். மொரீஷியஸ் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உறுப்பினர், எனவே இது ஆப்பிரிக்க விவகாரமும்தான். மொரீஷியஸின் சுதந்திரத்துக்கு மூன்று வருடம் முன்பே, 1965-ல், பிரிட்டன் அந்தத் தீவுகளை அதிலிருந்து தனியாகப் பிரித்தது. அந்தத் தீவுகளில் ஒன்றான டியகோ கார்சியாவில் அமெரிக்க–பிரிட்டிஷ் ராணுவத் தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973-க்குள் அங்கே வாழ்ந்த மக்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். தீவுகளைப் பிரித்ததால் மொரீஷியஸின் காலனிய நீக்கம் சட்டப்படி முறையாக முடியவில்லை என்று 2019-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதே வருடம் ஐ.நா. பொதுச் சபையில் மொரீஷியஸுக்குச் சாதகமாக 116-க்கு 6 என்று வாக்கு விழுந்தது. இந்தியா மொரீஷியஸ் பக்கம் நின்றது.

2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்களை ஏற்றி வந்த ஒரு படகு பழுதாகி இதே டியகோ கார்சியாவில் கரை சேர்ந்தது. கூடாரங்களில் மூன்று வருடத்துக்கு மேல் வைக்கப்பட்டார்கள், குழந்தைகள் உட்பட. அது சட்டவிரோதக் காவல் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைத் தமிழில் படித்த நாளிலிருந்து, வரைபடத்தில் அந்தப் புள்ளியை வைக்கும்போதெல்லாம் எனக்குக் கூடாரங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

இந்தியா பகுதிக்கு வருவோம். 'இந்தியா கவலைப்படுகிறது' என்று மட்டும் எழுதாமல், நடந்ததை எழுதுங்கள். 2008 முதல் ஏடன் வளைகுடாவில் நம் கடற்படை கடற்கொள்ளைத் தடுப்பு ரோந்து போகிறது. 2015-ல் ஏமன் போரின்போது 'ராஹத்' நடவடிக்கையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய இடம் ஜிபூட்டி. குல்லேவுக்கு 2019-ல் பத்ம விபூஷண் கொடுத்ததன் பின்னணியும் உங்களுக்கு இப்போது விளங்கும். மொரீஷியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிய ஓடுபாதையும் இறங்குதுறையும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. இதை 'இந்திய ராணுவத் தளம்' என்று எழுதாதீர்கள், மொரீஷியஸ் அரசு அதை மறுத்திருக்கிறது. ஓடுபாதை, இறங்குதுறை என்றே எழுதினால் போதும்.

தேர்வறையில் 15 மதிப்பெண் கேள்விக்குப் பதினோரு நிமிடம்தான். முதல் ஒரு நிமிடத்தில் அந்த நீரிணைப் படத்தை ஐந்தாறு கோட்டில் போட்டுவிடுங்கள், அதுவே ஐம்பது சொல்லை மிச்சப்படுத்தும். எத்தனை தளம் என்று எண்ணிக்கை போடவே வேண்டாம். இரண்டு நாட்டை எடுத்து, யார் கொடுத்தார்கள், எதற்காக, என்ன விலைக்கு, யார் காலி செய்யச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் நீரிணை, குத்தகை, இறையாண்மை போன்ற சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள். நான் அறையில் உட்கார்ந்து 'ஜலசந்தியா நீரிணையா' என்று யோசித்து ஒரு நிமிடம் இழந்திருக்கிறேன்.

அதே கேள்வியை மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதிக் கொடுத்தேன். 'பக்கத்து நாட்டின் கொடிக்கு அஞ்சி 1977-ல் பிரெஞ்சுப் படையை வைத்துக்கொண்ட ஜிபூட்டி, இன்று ஐந்து நாட்டுப் படைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது' என்று தொடங்கினேன். 8 மதிப்பெண் வந்தது. இந்த முறை ஓரத்தில் இருந்த குறிப்பு சாகோஸ் பற்றியது. 2025 மே 22-ல் கையெழுத்தான பிரிட்டன்–மொரீஷியஸ் ஒப்பந்தத்தை நான் முடிந்துபோன காரியம்போல எழுதியிருந்தேன். கையெழுத்து வேறு, நாடாளுமன்றங்கள் ஏற்று நடைமுறைக்கு வருவது வேறு. தேர்வுக்கு முந்தைய வாரம் அது எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.