காரைக்குடிப் பேச்சு: பென்ஷன், பெரிய வீடு, வெள்ளைப் பணியாரம்

எங்கள் பக்கம் சாயங்காலத்தில் நாலு பெரியவர்கள் கூடினால் பேச்சு பென்ஷனில் தொடங்கி, வீட்டு ஓட்டுக்குப் போய், சாப்பாட்டில் வந்து நிற்கும். மூன்றிலும் நடக்கிற தப்பு ஒன்றுதான். ஒருத்தருக்குச் சரியாக வந்ததை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்கிறார். சிக்ரியில் (இங்கே உள்ள மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வேலை பார்த்த அண்ணன் "நவம்பர் பிறக்கட்டும், சர்டிபிகேட் கொடுத்துக்கலாம்" என்பார். பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி வாத்தியாரும் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவரும் தலையாட்டிவிட்டு அவர்களும் நவம்பருக்குக் காத்திருப்பார்கள். நவம்பர் அந்த அண்ணனுக்குத்தான் சரி.

அந்தச் சர்டிபிகேட்தான் உயிர்வாழ் சான்றிதழ், பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் காட்டுவது. மத்திய அரசு ஓய்வூதியருக்கு அதைக் கொடுக்கும் மாதம் நவம்பர். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்தே கொடுக்கலாம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியருக்கு இதற்கான நேர்காணல், அவர் எந்த மாதத்தில் ஓய்வு பெற்றாரோ அந்த மாதத்தில். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஆச்சிமார்கள் தங்கள் மாதம் எது என்று கருவூலத்தில் ஒருமுறை கேட்டு, காலண்டர் அட்டையிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் குறிப்பிட்ட மாதமே கிடையாது. கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். போன வருடம் ஜூனில் கொடுத்திருந்தால் இந்த ஜூன் முடிவதற்குள் அடுத்தது போக வேண்டும். நவம்பர் வரை விட்டால் நடுவில் பணம் நிற்கும். நின்றால் பயப்பட வேண்டாம், சான்றிதழ் சேர்ந்ததும் பாக்கியோடு வந்துவிடும். அதுவரை மருந்துச் செலவுக்கு யாரிடம் கேட்பது என்பதுதான் தொல்லை.

எங்கே கொடுப்பது? வங்கி, கருவூலம், இ-சேவை மையம் எல்லாம் உண்டு. நடக்க முடியாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம். அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி மூலம் அவரே எடுத்துக்கொடுப்பார். ஆதார் எண், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்குப் புத்தகம், குறுஞ்செய்தி வரும் செல்போன் நான்கும் கையில் இருக்க வேண்டும்.

ஆதார் வழியாகச் சான்றிதழ் எடுக்கும்போது கைரேகை பதியவில்லை என்ற புலம்பல் எழுபதுக்கு மேல் சகஜம். தோல் மெலிந்து ரேகை தேய்ந்துபோகிறது, பனிக்காலத்தில் காய்ந்தும் விடுகிறது. கையைக் கழுவித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே வைத்துப் பார்க்கலாம். பத்து விரலில் எது பதிகிறதோ அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் வேலை மிச்சம். எந்த விரலும் பதியவில்லை என்றால் ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்கென்று வெளியூர்ப் பிள்ளைகள் பூட்டிவிட்டு மறந்துவிடுவது உண்டு.

2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே முடிக்கும் வழி வந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலி, ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலி இரண்டும் வேண்டும். முதலில் போன் வைத்திருப்பவர் தன் ஆதாரைக் கொடுத்து, தன் முகத்தைக் காட்டி ஆபரேட்டராகப் பதிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு அதே போனில் தெருவில் உள்ள அத்தனை பெரியவர்களுக்கும் எடுக்கலாம். நம் வீடுகளில் இது தோற்பதற்குக் காரணம் வெளிச்சம். உள்வீட்டில் இருட்டு. வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டுப் பகுதி) தூணில் சாய்ந்து முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பின்னால் வெயில், முகம் கறுப்பு. முற்றத்தைப் பார்த்து உட்காருங்கள், பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கட்டும், கண்ணாடியைக் கழற்றுங்கள், சொல்லும்போது கண்ணைச் சிமிட்டுங்கள். காலை பத்து மணிக்கு ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம்.

நிரப்பும்போதுதான் உண்மையான தப்பு நடக்கிறது. கணவருடைய பென்ஷனை வாங்கும் ஆச்சிக்கு ‘குடும்ப ஓய்வூதியம்’ என்று தேர்ந்தெடுக்காமல் ‘பணி ஓய்வூதியம்’ என்று போட்டுவிடுவார்கள். சொந்தப் பென்ஷனும் குடும்பப் பென்ஷனும் சேர்த்து வாங்குகிறவர் ஒன்று கொடுத்தால் போதும் என்று இருந்துவிடுவார். பி.பி.ஓ. இரண்டு என்றால் சான்றிதழும் இரண்டு. மறுமணம், மறுவேலை பற்றிய கேள்விகளுக்கு அவசரத்தில் ‘ஆம்’ விழுந்தால் அதுவும் வில்லங்கம். கடைசியில் சான்றிதழுக்கான பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வரும். அது வந்ததாலேயே ஏற்றுக்கொண்டார்கள் என்று ஆகாது. விவரம் பொருந்தாவிட்டால் பட்டுவாடா செய்யும் அலுவலகம் தள்ளிவிடும். ஒரு வாரம் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு நிலவரம் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது தனிச் சிக்கல். பாட்டனார் பெயரைப் பேரன்மாருக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வளவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். பிரித்துக் காட்டுவது இனிஷியல்தான். அதுவும் அழ.சுப., ராம.பெரி. என்று நீளும். சர்வீஸ் புத்தகத்தில் அது ஒரே எழுத்தாகச் சுருங்கியிருக்கும், வங்கியில் இரண்டு எழுத்தாக இருக்கும், ஆதாரில் அப்பச்சி (அப்பா) பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆச்சிகள் விஷயத்தில் பி.பி.ஓ.வில் ‘மீனாள்’, ஆதாரில் ‘மீனாட்சி ஆச்சி’. கணவர் இருக்கும் வரை யாரும் கேட்பதில்லை. இல்லாமல் போனபின், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை அந்த ஆச்சியின் தலையில் விழும்.

ஆதாரில் பெயர் திருத்தம் ஆயுளுக்கு இரண்டே தடவை. அதனால் முதலில் பி.பி.ஓ.வையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வடிவம் நிலைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு மையத்துக்குப் போங்கள். இனிஷியலுக்கு இடையில் புள்ளி, இடைவெளி வரைக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் அங்கே இருப்பவர் காதில் விழுந்ததைத்தான் தட்டுவார்.

பி.பி.ஓ.வைக் கையில் எடுத்ததும் மனைவியின் பிறந்த தேதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் இருக்காது. மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் நூறு சதவீதம். குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு. தேதி பதிவில் இல்லாவிட்டால் இந்தக் கூடுதல் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பி.எஃப். பென்ஷனில் இப்படி வயதுக்கேற்ற உயர்வும் இல்லை, அகவிலைப்படியும் இல்லை. 2014 செப்டம்பரில் வைத்த குறைந்தபட்சம் 1000 ரூபாயை நம்பி ஒரு வீடு நடக்குமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியத்தில் இன்னொரு இடத்தில் ஆச்சிகள் பதறுவார்கள். ஓய்வுக்குப் பின் கணவர் இறந்தால் முதல் ஏழு வருடம், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதம். அதன்பின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்குக்கு இறங்கும். வங்கி பிடித்துக்கொண்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் கணவர் இறந்த தகவலைச் சொல்லாமல் ஏ.டி.எம். கார்டில் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தால், பிறகு அது அத்தனையும் பிடித்தமாகும். இதைக் கணவன்மார் இருக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். சொல்ல வாய் வராது என்றால் எழுதியாவது வையுங்கள். மாநில அரசு ஓய்வூதியர் என்றால் குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாய்க்கு யாரை நியமித்திருக்கிறது என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக. அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வாங்கிய வட்டியைத் திருப்பிப் பிடிப்பார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு ஒரு சதவீதம் போகும். பேத்தி கல்யாணம் ஒன்றரை வருடத்தில் என்று தெரிந்தும் மொத்தத்தையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். இரண்டு மூன்று கணக்காகப் பிரித்தால் வேண்டியதை மட்டும் உடைக்கலாம்.

இனி வீடு. ஐம்பது பேர் புழங்கக் கட்டியதில் இரண்டு பேர் இருக்கிறோம். பூட்டிக் கிடக்கும் கட்டுகளை (வீட்டின் பகுதிகளை) விட்டுவிடுங்கள், புழங்கும் பாதையை மட்டும் பாருங்கள். படுக்கை ஓரிடம், கழிப்பறை மூன்றாம் கட்டின் கோடியில் என்றால் இரவில் இரண்டு நிலைப்படி தாண்ட வேண்டும். விழுவது அங்கேதான். முகப்பை ஒட்டிய ஓர் அறையில் கழிப்பறை போட்டுவிடுவது, பழைய தேக்கு நிலைக்கு வார்னிஷ் அடிப்பதைவிட அவசரமான செலவு. அதுவரை நிலைப்படியின் ஓரத்தில் மஞ்சள் நிறப் பட்டை ஒட்டி, சின்ன இரவு விளக்கு ஒன்று போடுங்கள்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பளபளப்பாக்கத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது பழைய வழக்கம். அழகுதான், முழங்கால் வலிக்காரர் நடக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். அந்தப் பாதையை வெறும் தண்ணீரில் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கறை போக ஆசிட் ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டில் நிறம் கலந்து ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கல், சூளையில் சுட்டதில்லை. ஆசிட் சிமெண்டைத் தின்று நிறப் பூச்சைச் சொரசொரப்பாக்கிவிடும், பிறகு என்ன தேய்த்தாலும் மினுமினுப்பு வராது. ஓட்டு வேலைக்கு ஐப்பசி மழை பிடிக்கும் வரை நிற்காமல் ஆவணி, புரட்டாசியிலேயே ஆளைக் கூப்பிடுங்கள். குரங்கு நகர்த்திய ஓட்டைச் சரிசெய்வதோடு, முற்றத்துத் தண்ணீர் போகும் தூம்பில் அடைந்த சருகையும் எடுக்கச் சொல்லுங்கள். அது அடைத்தால் வளவே குளமாகும்.

சாப்பாட்டில் தவறுவது அளவு. விசேஷ வீட்டுப் படி அளவை நாலால், எட்டால் வகுத்தால் இரண்டு பேருக்குச் சரியாக வராது. வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். இரண்டு பேருக்குச் சின்ன டம்ளர் போதும். டம்ளர் எதுவானாலும் கோபுரம் அதற்கேற்றபடி அமையும் என்பதுதான் இந்த அளவின் கெட்டிக்காரத்தனம். இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். கொஞ்ச மாவு கிரைண்டர் கல்லில் சிக்காது, மிக்ஸிதான். அதில் சூடேறினால் மாவு இறுகும், ஐஸ் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டு அரையுங்கள். விரலில் நறநறப்புத் தெரியக் கூடாது. உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை, இரண்டு கரண்டி பால் சேர்த்து, தோசை மாவைவிடச் சற்றே கெட்டியாக வைத்து உடனே சுடுங்கள். புளிக்க விடக் கூடாது.

குழிந்த சட்டியில் இரண்டு அங்குல எண்ணெய். ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றினால் அடியில் போய் மேலே எழும்பும். மேலே எண்ணெயை வாரித் தெளித்துத் திருப்பி, சிவப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஒன்று முடிந்துதான் அடுத்தது. ஓரம் பிரியாமல் தட்டையாகப் பரவினால் மாவு நீர்த்திருக்கிறது, ஒரு கரண்டி அரிசி மாவு போதும். உருண்டையாகத் திரண்டால் கெட்டி, பால் தெளியுங்கள். எண்ணெய் குடித்தால் உளுந்து கூடியிருக்கும், அல்லது எண்ணெய் காயவில்லை. கடிக்கக் கடினமாக இருந்தால் உளுந்து போதவில்லை.

பல் இல்லாதவர்களுக்குக் கும்மாயம் என்ற மெத்தென்ற இனிப்பு. உளுந்து ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், பச்சரிசி ஒரு கரண்டி. தனித்தனியாகத்தான் வறுக்க வேண்டும், சேர்த்து வறுத்தால் பாசிப்பருப்பு தீய்ந்து உளுந்து பச்சையாக நிற்கும். அரைத்துச் சலித்து டப்பாவில் வையுங்கள். வேண்டும்போது அரைக் கப் மாவுக்குக் கருப்பட்டியும் வெல்லமுமாகக் கூட்டி அரைக் கப்புக்குக் கொஞ்சம் மேல், தண்ணீர் ஒன்றரை கப், நெய் கால் கப். கருப்பட்டியில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டி ஆறவிட்டு அதில் மாவைக் கலக்குங்கள். கொதிக்கும் பாகில் மாவைப் போட்டால் கட்டி தட்டும், பிறகு எவ்வளவு கிளறினாலும் கரையாது. அடுப்பில் வைத்து நெய் விட்டுக் கிளறி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கலாம். சர்க்கரைக்காரர்கள் ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

தினப்படிக்கு வெண்டைக்காய் மண்டிபோல் இரண்டு பேருக்கு வசதியானது வேறில்லை. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள், முதல் தண்ணீரில் தூசி. அதில் சின்ன எலுமிச்சை அளவில் பாதிப் புளியைக் கரையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, கீறிய பச்சை மிளகாய் மூன்று வதக்கி, 150 கிராம் வெண்டைக்காயைப் பிசுபிசுப்பு அடங்கும் வரை வதக்குங்கள். அவசரப்பட்டு முன்பே தண்ணீர் ஊற்றினால் குழம்பே கோழையாகும். அவித்த மொச்சை இருந்தால் சேர்த்துக் கரைசலை ஊற்றிக் கெட்டியாகக் கொதிக்கவிடுங்கள். தேங்காய் இல்லாததால் சீக்கிரம் ஊசாது. மறுநாளுக்கு வைப்பதாக இருந்தால் ஒருமுறை கொதிக்கவிட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்கோ மண்சட்டிக்கோ மாற்றிவிடுங்கள். அலுமினியத்தில் விட்டால் புளி பாத்திரத்தை அரிக்கும், குழம்பிலும் அந்தக் கசப்பு இறங்கும்.