ஆட்டுக்கல் குழியில் நெளிந்தவை

ஐப்பசி மழை விட்ட நாலாம் நாள். கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் நின்றது, அதில் ஏகப்பட்ட புழுக்கள். சொம்பால் மொண்டு கொட்டப் போனவன், இவை எல்லாம் கொசுதானா என்று சந்தேகம் வந்து நின்றுவிட்டேன். அன்றிலிருந்து மூன்று வாரமாக இதே வேலை.

வெள்ளைப் பீங்கான் கிண்ணம், மருந்துச் சொட்டு விடும் ஃபில்லர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். இவ்வளவுதான் கருவிகள். முதலில் எவர்சில்வர் கிண்ணத்தில் பார்த்தேன், பளபளப்பில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் தலையையே உற்றுப் பார்த்து வீணாக்கினேன். பார்க்க வேண்டியது வால் பக்கம். இந்தப் புழுக்கள் மூச்சு விடும் வழியைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆட்டுக்கல்லில் இருந்தவை தலைகீழாகத் தொங்கின. வால் நுனியில் ஒரு மூச்சுக்குழல், குட்டையாகவும் பருமனாகவும். வாசல் சாக்கடையில் எடுத்தவையும் தலைகீழாகத்தான் தொங்கின, ஆனால் குழல் நீளம், ஒல்லி. முன்னது ஏடிஸ் வகைக் கொசு, பின்னது கியூலெக்ஸ் வகைக் கொசு என்று குறித்துக்கொண்டேன். தொங்கும் சாய்வை வைத்துப் பிரிக்கப் பார்த்தது சரிவரவில்லை. நிழல் பட்டாலே எல்லாம் அடிக்கு ஓடிவிடுகின்றன. வயலோரக் குட்டையில் கிடைத்த மூன்றாவது வகைக்குக் குழலே இல்லை. நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்துக் கிடந்தது. அது அனாபிலிஸ் வகைக் கொசு.

குறித்தது சரியா என்று தெரிய வேண்டாமா? ஆட்டுக்கல் புழுக்களில் பத்தை அதே தண்ணீரோடு பாட்டிலில் விட்டு, வாயில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். நாலாம் நாள் கால்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழுக்கள் ஆயின. இந்தப் பருவத்தில் தீனி கிடையாது, ஆனால் தொட்டால் குட்டிக்கரணம் போட்டு ஓடுகின்றன. மூச்சுக்குழல் இப்போது வாலில் இல்லை, முதுகுப் பக்கம் இரண்டு கொம்பு மாதிரி. ஆறாம் நாள் காலையில் துணிக்கு அடியில் கொசுக்கள். பாட்டிலை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு லென்ஸில் பார்த்தேன். கால்களில் வெள்ளை வளையம், முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு. ஏடிஸ் எஜிப்தி, டெங்கு பரப்பும் அதே கொசு. முதுகு நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு இருந்திருந்தால் ஏடிஸிலேயே இன்னொரு இனம், ஏடிஸ் அல்போபிக்டஸ்.

ஆட்டுக்கல்லை அன்றே காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. ஏடிஸ் முட்டைகள் ஈரக்கோட்டுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

அல்லி வைத்திருக்கும் சிமெண்ட் தொட்டியின் அடிச்சேற்றில் ரத்தச் சிவப்பில் புழுக்கள் இருந்தன. பார்த்ததும் பதறிப்போனேன். பதற ஒன்றுமில்லை, இவை கடிக்காத ஒரு சிறு பூச்சியின் புழுக்கள். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. காற்று குறைந்த சேற்றிலும் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன. அதே தொட்டியில் ஒரு தட்டானின் இளம்பூச்சியும் இருந்தது. கொசுப்புழு ஒன்றைப் போட்டேன். கீழுதட்டைக் கை போல நீட்டி ஒரே பிடி! அந்தத் தொட்டியில் இனி நான் கை வைக்க மாட்டேன்.

கடைசியாகக் கிடைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து வீட்டு மாட்டுத்தொழுவச் சாக்கடையில், வெள்ளையாக, எலிவால் போல நீண்ட வாலோடு ஒரு புழு. "தம்பி, இதையெல்லாம் எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க, பினாயில் ஊத்துனா போச்சு" என்றார் அந்த வீட்டு அக்கா. அந்த வாலும் மூச்சுக்குழல்தான். கிண்ணத்தில் தண்ணீரைக் கூட்டக் கூட்ட, உடம்பு அடியில் கிடக்க, வால் மட்டும் மேல்மட்டம் வரை நீண்டுகொண்டே வந்தது.

அதை ஈரமண் போட்ட பாட்டிலுக்கு மாற்றினேன். மண்ணுக்குள் போய்க் கூடாக இறுகியது. பன்னிரண்டாம் நாள் தேனீ போல ஒன்று வெளியே வந்து துணியில் உட்கார்ந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தேனீயா?" என்று பின்வாங்கினார். தேனீக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டுதான். கண்ணில் புள்ளி புள்ளியாக இருந்தது. இது பூக்களில் தேன் குடிக்கும் ஈ, கொட்டாது என்று சொல்லித் துணியை அவிழ்த்தேன். அவர் வீட்டு முருங்கைப் பூ பக்கம் போனது.