‘ஃபைட்’ என்று எழுதப் போய்

மின்னஞ்சலில் மூன்றே கேள்விகள்தான் இருந்தன. யாருக்காவது காயம் பட்டதா? காவல்துறைக்குத் தகவல் சொல்லியாயிற்றா? இருவரும் இன்னும் ஒரே தளத்தில்தான் வேலை செய்கிறார்களா?

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்தைய வாரம் நான் மொழிபெயர்த்துக் கொடுத்த புகார்க் கடிதத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் தமிழில் எழுதிய புகார் அது. வெளிநாட்டில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்காக அதை ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லியிருந்தார்கள். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எல்லார் முன்னாலும் என்னோடு சண்டை போட்டார்.” நான் யோசிக்கவே இல்லை. ‘ஹி ஃபாட் வித் மீ’ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

நடந்தது விடுப்புத் தேதி பற்றிய வாய்த்தகராறு. மேற்பார்வையாளர் கத்தியிருக்கிறார், மேசையைத் தட்டியிருக்கிறார். யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் என் வாக்கியத்தைப் படித்தவர்கள், கூட்ட அறையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டதாக நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கணவன் மனைவி ‘ஃபைட்’ பண்ணினார்கள் என்றால் ஆங்கிலேயருக்கும் வாய்ச்சண்டைதான் நினைவுக்கு வரும். அதே சொல் அலுவலகப் புகாரில், தேதியும் சாட்சிகளின் பெயரும் போட்ட தாளில் வந்தால் கை ஓங்கியது போலத்தான் கேட்கும்.

அதைவிட மோசமானது பிறகு வந்தது. புகார் கொடுத்தவரையும் விளக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

“நான் எங்கங்க சண்டை போட்டேன்? அவர்தானே போட்டார்?”

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டதில் இலக்கணமே இருந்தது. தமிழில் ‘அவர் என்னோடு சண்டை போட்டார்’ என்றால் பழி முழுக்க ‘அவர்’ தலையில். நான் வாயே திறக்காமல் நின்றிருக்கலாம். ஆங்கிலத்தில் ‘ஃபாட் வித் மீ’ என்றால் நானும் களத்தில் இருந்தேன் என்ற தொனி வந்துவிடுகிறது. ‘என்னைப் பார்த்துக் கத்தினார்’ என்பதற்கு நேரான ‘ஷவ்டட் அட் மீ’ போட்டிருந்தால் இருவருக்கும் அந்த அலைச்சல் இருந்திருக்காது. திருத்தம் அனுப்பினேன், மன்னிப்பும் கேட்டேன். விவகாரம் பத்து நாளில் ஓய்ந்தது. அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் ‘ஃபைட்’ வருகிற இடங்களையெல்லாம் குறித்துவைக்க ஆரம்பித்தேன். வேலைக்கு உதவும் என்று தொடங்கியது, பிறகு ஒருவிதக் கிறுக்காகவே ஆகிவிட்டது.

சொல் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபெயோஹ்தன்’. எழுத்துக்கூட்டலில் நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த ‘ஜி, ஹெச்’ ஒரு காலத்தில் தொண்டையை உரசிக்கொண்டு ஒலித்த எழுத்துகள். ஜெர்மனில் இதன் உறவுக்காரச் சொல் ‘ஃபெஷ்டன்’. அங்கே அது இன்று பெரும்பாலும் வாள்வீச்சு விளையாட்டைத்தான் குறிக்கிறது. ஒரே வேரில் பிறந்து, ஒன்று நாகரிகமாக முகமூடி போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டது, இன்னொன்று தெருச் சண்டையிலிருந்து உலகப் போர் வரை எல்லாவற்றையும் சுமக்கிறது.

என்னைக் கவிழ்த்தது ‘ஃபைட்’ மட்டுமில்லை, அதன் பக்கத்தில் வருகிற ‘வித்’தும்தான். ‘வித்’ என்றால் ‘உடன்’ என்றுதான் பள்ளியில் படித்தோம். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருளே ‘எதிராக’. ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது: எதிர்த்து நிற்பது. நாளடைவில் ‘வித்’ கட்சி மாறி ‘கூட’ என்று ஆகிவிட்டது. ஆனால் ‘ஃபைட்’ மாதிரியான சொற்களின் பக்கத்தில் வரும்போது பழைய குணம் எட்டிப்பார்க்கிறது. அதனால் ‘ஃபாட் வித்’ என்றால் எதிர்த்துச் சண்டையிட்டார்களா, சேர்ந்து சண்டையிட்டார்களா என்று வாக்கியம் சொல்லாது. சம்பவம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜார்ஜ் வாஷிங்டன். ‘வாஷிங்டன் ஃபாட் வித் த ஃபிரெஞ்ச்.’ மொழிபெயர்க்கச் சொல்லிப் புதிதாகச் சேருகிறவர்களிடம் இதை நீட்டுவேன். பாதிப் பேர் ‘பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டார்’ என்பார்கள், மீதிப் பேர் ‘பிரெஞ்சுக்காரர்களுடன் சேர்ந்து’ என்பார்கள். இரண்டுமே சரி! 1754 ஜூலையில் வாஷிங்டன் பிரிட்டிஷ் தரப்பில் நின்ற 22 வயது அதிகாரி. நெசசிட்டி கோட்டையில் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தார். 27 வருடம் கழித்து 1781-இல், அமெரிக்க விடுதலைப் போரில், யார்க்டவுனில் தளபதி ரோஷம்போவின் பிரெஞ்சுப் படையோடு தோளோடு தோள் நின்று பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸைச் சரணடைய வைத்தார். ஒரே வாக்கியம், ஒரே மனிதர். ஆண்டைப் போடாமல் மொழிபெயர்ப்பாளர் அந்த வரியைத் தாண்டவே முடியாது.

ஆங்கிலத்தைச் சொல்லி என்ன பயன், நம் ‘ஓடு’ம் ‘உடனு’ம் மட்டும் என்ன ஒழுங்கு? ‘நண்பனோடு போனான்’ என்றால் சேர்ந்து. ‘நண்பனோடு மோதினான்’ என்றால் எதிராக. வினைச்சொல்லைப் பார்த்து நாமே புரிந்துகொள்கிறோம். சேர்ந்து என்று சொல்ல வேண்டுமானால் ‘அவன் பக்கம் நின்று’ என்று தனியாக ஒரு முட்டுக் கொடுத்தாக வேண்டும். அதை மறந்தால் நாமும் மாட்டுவோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் தமிழ் கறார். ‘ஃபைட்’ என்று ஆங்கிலம் ஒரே சொல்லில் கடந்துபோகிற இடத்தில், தமிழ் நம்மை நிறுத்திக் கேள்வி கேட்கும். தேர்தலை ‘ஃபைட்’ பண்ணினால் போட்டியிடுகிறோம். கேஸை ‘ஃபைட்’ பண்ணினால் வழக்காடுகிறோம். கண்ணீரோடு என்றால் அடக்கிக்கொள்கிறோம், மூச்சுக்கு என்றால் திணறுகிறோம், கூட்டத்துக்குள் என்றால் முட்டிமோதிப் போகிறோம், தூக்கத்தோடு என்றால் மல்லுக்கட்டுகிறோம். கூடவே வருகிற துணைவினைகளையும் பாருங்கள்: சண்டையைப் போடுகிறோம், இலங்கைத் தமிழர் பிடிக்கிறார்கள். வம்பை வளர்க்கிறோம், அல்லது அடுத்தவரை வம்புக்கு இழுக்கிறோம். மல்லைக் கட்டுகிறோம். தகராறு பண்ணுகிறோம். போரையும் வாதத்தையும் வழக்கையும் மட்டும் ஆடுகிறோம். போராட்டத்துக்குள் ஓர் ஆட்டம் இருக்கிறது என்பதை நான் இந்த நோட்டு எழுதும்போதுதான் முதல்முதலாகக் கவனித்தேன்.

அந்தப் ‘போராடு’தான் எல்லாருக்கும் சௌகரியமான புகலிடம். ‘ஃபைட்’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘போராடு’ என்று போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஊழியர்கள் சம்பள உயர்வுக்காக ‘ஃபைட்’ செய்தார்கள் என்ற வரியை ‘போராட்டம் நடத்தினார்கள்’ என்று எழுதினால், படிப்பவர் மனதில் கொடியும் முழக்கமும் வந்துவிடும். மூலத்தில் அவர்கள் மூன்று சுற்றுப் பேச்சுவார்த்தை நடத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். ‘விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார்கள்’ என்றால் போதும்.

எனக்குத் தமிழில் மிகவும் பிடித்தது ‘தீயணைப்பு வீரர்’. ஆங்கிலத்தில் அவர் தீயோடு சண்டை போடுகிறவர். தமிழில் தீயை அணைக்கிறவர், வேலை முடிந்துவிட்டது. சண்டை எங்கே போயிற்று என்று பார்த்தால், கடைசியில் ‘வீரர்’ என்ற சொல்லில் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை யார் முதலில் எழுதினாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

நோயாளிகளுக்கான கையேடு ஒன்றில் வேலை செய்தபோது இந்தச் சொல்லின் இன்னொரு முகம் தெரிந்தது. புற்றுநோய் பற்றிய கையேடு. மூலம் முழுக்கப் போர்க்களம்: ‘ஃபைட்’, ‘பேட்டில்’, எதிரி, ஆயுதம். இது சும்மா வந்ததில்லை. 1971-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டதையே ‘புற்றுநோய் மீதான போர்’ தொடங்கிய நாளாகச் சொல்வார்கள். அதன் மொழி அரை நூற்றாண்டாக மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நானும் சளைக்காமல் ‘நோயை எதிர்த்துப் போராடுங்கள், உறுதியோடு போராடுபவர்கள் வெல்கிறார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் சில நோயாளிகளிடம் படித்துக் காட்டுவது அந்தத் திட்டத்தின் வழக்கம். ஓர் அம்மா, இரண்டாவது முறை நோய் திரும்பியவர், அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: “அப்போ எனக்குத் திரும்ப வந்தது நான் சரியாப் போராடாததாலயா?”

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த செவிலியர்தான் ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் பேனாவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று இரவு அந்தக் கையேட்டில் ‘போராடு’ வந்த எல்லா இடங்களையும் தேடி எடுத்தேன். பதினேழு. அதில் பதினான்கை ‘சிகிச்சை எடுத்துக்கொள்ளும் காலத்தில்’, ‘நோயோடு வாழும்போது’, ‘தாங்கிக்கொள்ள’ என்று மாற்றினேன். மூன்றை விட்டுவைத்தேன், ஏனென்றால் தன்னைப் போராளி என்று சொல்லிக்கொள்வதில் தெம்பு பெறுகிறவர்களும் உண்டு, அவர்களிடமிருந்து அதைப் பிடுங்க நான் யார்? உடல் கிருமிகளை ‘ஃபைட்’ பண்ணுகிறது என்ற வரியில் மட்டும் எனக்குச் சிரமமே இல்லை. ‘நோய் எதிர்ப்பாற்றல்’ என்று தமிழ் ஏற்கெனவே அழகாகச் செய்துவைத்திருக்கிறது. போர் இல்லை, எதிர்ப்பு மட்டும்.

இதற்கு நேர்மாறாக ஒரு வேடிக்கையும் நடந்தது. கொரியத் தொடர் ஒன்றுக்குத் தமிழில் வசன வரி எழுதிக்கொண்டிருந்த தம்பி ஒருவர், தேர்வுக்குப் போகும் மகளைப் பார்த்து அம்மா முஷ்டியை உயர்த்திக் கத்தும் காட்சியில் ‘சண்டை!’ என்று போட்டிருந்தார்.

“அம்மா எதுக்குப்பா பொண்ணுகிட்ட சண்டை போடுறாங்க?”

“தெரியலக்கா. ஆனா அவங்க ஃபைட்டிங்னுதான் கத்துறாங்க. நல்லாக் கேட்டுப் பாத்துட்டேன்.”

காது சரிதான். கொரியர்கள் அந்த ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டுபோய், அவர்கள் மொழியில் ‘ஃப’ ஒலி இல்லாததால் ‘பைட்டிங்’, ‘ஹ்வைட்டிங்’ என்றாக்கி, உற்சாகப்படுத்தும் கூவலாக மாற்றிவிட்டார்கள். எதிரியே கிடையாது. விளையாட்டு வீரருக்கும் சொல்லலாம், பல் பிடுங்கப் போகிறவருக்கும் சொல்லலாம். அரைமணி நேரம் பேசி ‘அசத்திட்டு வா!’ என்று முடிவுசெய்தோம். திரையில் பார்த்தபோது அந்த அம்மாவின் முஷ்டிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு என் நோட்டு வேகமாக நிரம்புகிறது. வானில் போர் விமானங்கள் நெருங்கி மோதுவதை ஆங்கிலத்தில் ‘டாக்ஃபைட்’ என்பார்கள். ஒரு ராணுவக் கட்டுரையின் முதல் வரைவில் விமானிகள் ‘நாய்ச் சண்டையில்’ ஈடுபட்டிருந்தார்கள். ‘ஃபைட் ஷை’ என்றால் ஒன்றைச் செய்யத் தயங்கி ஒதுங்குவது. வரைவு ‘வெட்கத்தோடு சண்டையிட்டார்’ என்றது. ‘இன்ஃபைட்டிங்’ குத்துச்சண்டையில் உடம்போடு உடம்பு ஒட்டி நின்று குத்துவதையும் குறிக்கும், கட்சிக்குள் நடப்பதையும் குறிக்கும். பின்னதற்கு ‘உட்பூசல்’ என்று அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. மன அழுத்தம் பற்றிய பயிற்சிக் கையேடுகளில் தவறாமல் வரும் ‘ஃபைட் ஆர் ஃப்ளைட்’ மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் விளக்கிய விஷயம். ஆபத்து வந்தால் உடல் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ தயாராவது. ‘மோது அல்லது ஓடு’ என்று எழுதுகிறேன். பொருள் சரி, ஆனால் ஆங்கிலத்தில் இருக்கும் அந்த எதுகை போய்விடுகிறது. ‘முட்டு அல்லது ஓட்டு’ என்று ஒருநாள் எழுதிப் பார்த்துவிட்டு நானே அடித்துவிட்டேன்.

புகார்க் கடிதங்கள் இன்னும் வருகின்றன. ‘சண்டை’ என்ற சொல்லைப் பார்த்தால் நான் இப்போது தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவேன். அனுமதி வாங்கிக்கொண்டு எழுதியவரிடமே கேட்டுவிடுவேன். போன மாதம் வந்த கடிதத்தில் ஒரே வரி: ‘குழுத்தலைவருக்கும் எனக்கும் மூன்று வாரமாகச் சண்டை.’ மூன்று வாரமாகவா? அழைத்தேன்.

“தப்பா நினைக்காதீங்க, கேட்டாத்தான் சரியா எழுத முடியும். கைச்சண்டையா, வாய்ச்சண்டையா?”

எதிர்முனையில் கொஞ்சம் அமைதி.

“ரெண்டும் இல்லீங்க. பேசுறதே இல்ல. வேலையக்கூட வேற ஆள் மூலமாத்தான் சொல்லி அனுப்புறார்.”

பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்து ‘நாங்க சண்டை’ என்று சொன்ன அதே சண்டை. நோட்டில் புதிதாக ஒரு பக்கம் திருப்பி அதைக் குறித்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ‘நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்’ என்று எழுதி, வேலை வேறு ஆள் மூலமாக வருகிறது என்பதையும் சேர்த்து அனுப்பினேன். இந்த முறை காயம் பட்டதா என்று யாரும் கேட்கவில்லை.