லினக்ஸில் வைஃபையும் பிரிண்டரும் வேலைக்கு வந்த கதை

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறியவர்கள் எழுதுவதைப் படித்தால், "போட்டேன், எல்லாம் தானாக வேலை செய்தது" என்று இருக்கும், இல்லையென்றால் "ஒன்றும் சரிப்படவில்லை, விண்டோஸுக்கே திரும்பிவிட்டேன்" என்று இருக்கும். எனக்கு இரண்டுக்கும் நடுவில் நடந்தது. சிலது தானாக வந்தன, சிலதை இழுத்துப் பிடித்து வரவழைக்க வேண்டியிருந்தது. இழுத்து வந்த கதையைத்தான் எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே கோயில் நோட்டீஸ், கடை பில், மொய்க் கணக்கு இதையெல்லாம் டைப் செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். என் லேப்டாப்பில் இரண்டும் இல்லை. ஆனால் திரையும் கீபோர்டும் இன்னும் நன்றாக இருக்கின்றன. நல்ல நிலையில் இருக்கிற பொருளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, முதலில் இன்ஸ்டால் செய்யாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். புதிதாக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஹார்ட் டிஸ்கில் எதையும் தொடாமல், எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது தெரிந்துவிடும்.

சத்தம் வந்தது, டச்பேட் வந்தது, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள்கூட வேலை செய்தன. வைஃபை மட்டும் வரவில்லை. வைஃபை பட்டியலே இல்லை. அணைந்திருக்கிறது என்றுகூடக் காட்டவில்லை, அப்படி ஒரு பொருளே மெஷினில் இல்லாத மாதிரி இருந்தது.

லேப்டாப்பின் மாடல் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒருவர் ஒரு டிரைவரை (பாகத்தை இயக்கும் மென்பொருளை) சொல்கிறார், இன்னொருவர் வேறொன்றைச் சொல்கிறார், மூன்றாமவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். அவன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "ஆச்சி, மாடல் பேரை வச்சுத் தேடாதீங்க. ஒரே மாடல்ல ரெண்டு மூணு விதமான வைஃபை கார்டு போட்டு விப்பாங்க. கார்டோட நம்பரைப் பாருங்க."

அதற்கு டெர்மினலில், அதாவது கட்டளைகளை டைப் செய்யும் ஜன்னலில், 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று அடிக்க வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் ஒவ்வொரு சில்லும் ஒரு பத்தியாக வரும். பெயர், அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் நான்கு நான்கு எழுத்தாக ஓர் எண், கீழே 'பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவர்' என்று ஒரு வரி. கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. எண்ணின் முதல் நான்கு எழுத்து தயாரித்தவரைக் குறிக்கும், அடுத்த நான்கு அந்தச் சில்லைக் குறிக்கும். என் வைஃபை சில்லு பிசிஎம்43142, எண் 14ஈ4:4365. அதன் கீழே டிரைவர் வரி இருந்தது, 'பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்' என்று. டிரைவர் இருக்கிறதே, பிறகு ஏன் வரவில்லை என்று முதலில் குழம்பிப் போனேன். அந்த டிரைவர் சில்லை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது, ஆனால் அதன் ரேடியோவை இயக்க அதற்குத் தெரியாது. இந்தச் சில்லை உண்மையில் ஓட்டுவது 'டபிள்யூஎல்' என்ற வேறொரு மாட்யூல், அதாவது கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டு. அது மூலநிரல் முழுவதும் திறந்திராத டிரைவர் என்பதால் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. மின்ட், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை, இரண்டிலும் 'பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்' என்ற பேக்கேஜில் கிடைக்கிறது. அதைப் போட்டால், பழைய 'பிசிஎம்ஏ' இனி சில்லைப் பிடிக்காதபடி தடைப்பட்டியலிலும் சேர்த்துவிடுகிறது.

சரி, பேக்கேஜ் பெயர் தெரிந்துவிட்டது. அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வழி சுலபம். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளாலேயே லேப்டாப்பில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால் போதும். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக உடனே எடுத்துக்கொள்கிறது, எந்த டிரைவரும் கேட்பதில்லை. அப்படி இணைத்த பிறகு மின்ட்டை இன்ஸ்டால் செய்தேன். அப்புறம் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால், அந்தப் பேக்கேஜைத் தானே எடுத்துக் காட்டியது.

போட்டேன். நடுவில் ஒரு பாஸ்வேர்டு கேட்டது, ஒன்று கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்தில் ஒரு திரை வந்தது. ஏதோ ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி, பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டே போனது. முதல் முறை பார்க்கிறவர் அதைப் படித்து முடிக்கும் முன்பே பத்து நொடி ஓடிவிடும். ஓடியது. மெஷின் வழக்கம்போல எழுந்தது, வைஃபை இல்லை. மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்க்க 'மோட்ப்ரோப்' போட்டபோது, சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

அந்த வரிதான் விஷயத்தைத் திறந்தது. மெஷினில் 'செக்யூர் பூட்' இயக்கத்தில் இருந்தால், நம்பகமான கையொப்பம் உள்ள மாட்யூலை மட்டும்தான் கெர்னல் ஏற்றும். இந்த டிரைவரோ நம் மெஷினிலேயே தொகுக்கப்படுவது. அதற்கு மின்ட் ஒரு சாவி உண்டாக்கிக் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை மதர்போர்டு ஏற்க வேண்டும் என்றால், மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் பூட் ஆகும் நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்த நீலத் திரை, அதற்காகத்தான் அந்தப் பாஸ்வேர்டு. தூரத்திலிருந்து ஒருவன் நுழைந்து திருட்டு மாட்யூல் ஏற்ற முடியாமல் இருக்க இந்த ஏற்பாடு. காரணம் தெரிந்த பிறகு எனக்கு அந்தத் திரைமேல் மரியாதை வந்துவிட்டது. பல இடங்களில் 'செக்யூர் பூட்டை அணைத்துவிடு' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அணைக்காமலேயே முடிகிற காரியத்துக்கு ஏன் அணைக்க வேண்டும்?

'மோக்யூடில்' கட்டளையில் சாவியைத் திரும்பவும் கொடுத்து, பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்தேன். நீலத் திரை வந்ததும் ஒரு கீயை அழுத்தினால் எண்ணிக்கை நின்றுவிடுகிறது, அதன் பிறகு அவசரம் இல்லை. 'என்ரோல் மோக்', 'கண்டினியூ', 'யெஸ்', அப்புறம் பாஸ்வேர்டு. டைப் செய்யும்போது புள்ளிகூடத் தெரியாது, நம்பி அடிக்க வேண்டும். கடைசியில் 'ரீபூட்'. மெஷின் எழுந்து வந்தபோது மூலையில் வைஃபை சின்னம் இருந்தது. ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா ஆத்தா இம்புட்டு நேரம் விளக்கை எரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தே?" என்றார்கள்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரவுட்டர் எங்கள் முகப்பில் இருக்கிறது. வளவில் (முதல் முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உட்கார்ந்தால் வைஃபை நன்றாக எடுக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குப் போனால் விட்டுவிட்டு வருகிறது. டிரைவர் சரியில்லையோ என்று மறுபடி கிளறத் தோன்றும், கிளற வேண்டாம். 'என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை' என்று அடித்தால் ஒவ்வொரு இணைப்பின் பலமும் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். ஒவ்வொரு கட்டிலும் போய் நின்று அடித்துப் பார்த்தேன், சுவர் தாண்டத் தாண்ட எண் இறங்கியது. அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள், மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதுவும் நல்ல கனம். இந்தச் சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுவது, அதனால் இவ்வளவாவது தாண்டி வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் மங்கிவிடும். லேப்டாப்பை வளவிலேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்தது பிரிண்டர். எச்பி லேசர்ஜெட் 1020, நம் ஊர்களில் பாதி ஜெராக்ஸ் கடையிலும் வக்கீல் ஆபீஸிலும் பார்க்கலாம். யூஎஸ்பியில் செருகியதும் மின்ட் அதைக் கண்டுகொண்டது, பெயரைக்கூடக் காட்டியது. பிரிண்ட் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று திரையில் வந்தது. பிரிண்டர் அசையவே இல்லை, ரோலர் சுற்றும் சத்தம்கூட இல்லை.

இந்தத் தடவை மாடல் பெயரைத் தேடவில்லை. யூஎஸ்பியில் செருகியவற்றைக் காட்டும் 'எல்எஸ்யூஎஸ்பி' அடித்து, 03எஃப்0:2பி17 என்ற எண்ணை எடுத்து, அதைத் தேடினேன். விஷயம் சீக்கிரமே பிடிபட்டது. இந்த பிரிண்டர் தன் ஃபர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் உள் மென்பொருளை, தனக்குள் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. அணைத்தால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும், தினமும் அனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக் கொடுப்பதைப் போல. விண்டோஸில் டிரைவர் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. லினக்ஸில் 'எச்பிலிப்' என்ற மென்பொருள் செய்கிறது, ஆனால் அந்த ஃபர்ம்வேர் மூடிய சொத்து என்பதால் 'எச்பி-பிளக்இன்' என்று தனியாக இறக்கி, உரிமத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எச்பிலிப்பின் பதிப்பும் பிளக்இன்னின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒன்றைப் புதுப்பித்து மற்றதை விட்டால் பிரிண்டர் பழையபடி ஊமையாகிவிடும்.

பிளக்இன் போட்டு, பிரிண்டரை அணைத்து மறுபடி ஆன் செய்தேன். சில நொடியில் உள்ளே மோட்டார் ஒரு சுற்று சுற்றி நின்றது. ஃபர்ம்வேர் போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். இப்போது கரண்ட் போய் வந்தால் முதலில் அந்தச் சத்தம் வருகிறதா என்றுதான் கவனிக்கிறேன். வராவிட்டால் கேபிளைக் கழற்றிச் செருகினால் போதும்.

பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்ட ஒன்று. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு லேசர் பிரிண்டரின் மென்பொருளைத் திருத்த, அங்கே புரோகிராமராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் மூலநிரலைக் கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. யாரும் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட அந்த அனுபவமும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை 1983-ல் அறிவித்தார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல் அதோடு சேர்ந்துதான் இன்று என் மேசையில் ஓடுகிறது. இத்தனை பெரிய காரியத்துக்குப் பின்னால் ஒரு பிரிண்டர் இருந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு நிஜமாகவே தெம்பாக இருந்தது.

ஸ்கேனரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேனோஸ்கேன் லைடு 110. செருகினேன், 'டாக்குமென்ட் ஸ்கேனர்' திறந்தேன், வந்துவிட்டது, சிடியும் கேட்கவில்லை. ஐயா ரங்கூனிலிருந்து போட்ட கடிதங்களையும் இரண்டு பழைய பேரேடுகளையும் அதில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மை நன்றாக இருக்கும் பக்கங்களுக்கு 300 டிபிஐ போதும். மங்கியவற்றுக்கு 600 வைக்கிறேன், வண்ணத்திலேயே எடுக்கிறேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் காகிதத்தின் பழுப்பும் மையின் பழுப்பும் ஒன்றாகிவிடுகின்றன.

தமிழ் டைப் செய்ய தமிழ்99 கீபோர்டு அமைப்பு சிரமமில்லாமல் கிடைத்தது, மொழி மாற்றி டைப் செய்ய உதவும் ஐபஸ்ஸில் சேர்த்தால் போதும்.

புளூடூத் இன்னும் வரவில்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' போட்டுப் பார்த்தால், அதே சில்லுக்கு வேண்டிய ஒரு ஃபர்ம்வேர் கோப்பின் பெயரைச் சொல்லி, பிழை -2 என்கிறது. -2 என்றால் அந்தக் கோப்பு இல்லை என்று அர்த்தம், பொருள் கெட்டுப்போகவில்லை. எனக்கு வயர் ஹெட்போன் இருப்பதால் அவசரம் இல்லை. பேரேடுகள் முடியட்டும் என்று கோப்பின் பெயரை மட்டும் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.