சிஸ்டத்தில் இருந்த அந்த 30

கைக்குள் அடங்கும் ஒரு பம்பு சீல், கசிவைத் தடுக்கும் உதிரிபாகம். அது இல்லாவிட்டால் பம்பு ஓடாது, வாடிக்கையாளரும் போனை வைக்க மாட்டார். இருப்பு எவ்வளவுக்கு இறங்கியதும் மறு ஆர்டர் போடுவது என்று முடிவு செய்யும் வேலை போன ஆண்டு என் தலையில் விழுந்தது. சப்ளையர் சொன்ன தேதிக்குச் சரக்கு வருவது நின்றுபோயிருந்த சமயம்.

எல்லாரையும் போல முதலில் ஈஆர்பியை, அதாவது இருப்பு, விற்பனைக் கணக்கெல்லாம் வைத்திருக்கும் எங்கள் மென்பொருளைத் திறந்தேன். 500 என்று காட்டியது. மாத விற்பனை 400, சரக்கு வர 30 நாள், அதற்கு மேல் பாதுகாப்புக்கு 100. கூட்டலில் பிழையே இல்லை. ஆனாலும் கடந்த ஓராண்டில் இரண்டு மாதம் இந்த சீல் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் நின்றிருக்கிறோம்.

அந்த 400 எங்கிருந்து வந்தது என்று தோண்டினேன். ஆண்டு விற்பனை 4,800, அதைப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறது. மாதவாரியாகப் பிரித்தால் இரண்டு மாதத்துக்கு நேராகப் பூஜ்யம். கிடங்குப் பொறுப்பாளரிடம் காட்டினேன். "சார், அந்த ரெண்டு மாசமும் சரக்கே இல்லையே, அப்புறம் எங்க விக்கிறது?" என்றார். கேட்டு வந்தவர்களை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். சிஸ்டத்துக்கு விற்றது மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவரைத் தெரியாது.

அந்த இரண்டு மாதத்தை நீக்கிப் பத்தால் வகுத்தால் 480. அதுவும் முழு உண்மை இல்லை. காத்திருந்து அடுத்த மாதம் வாங்கியவர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். எனவே தேவை 400-க்கும் 480-க்கும் நடுவில் எங்கோ என்று எழுதிக்கொண்டேன். ஒற்றை எண்ணை விட்டுவிட்டு வீச்சாக எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஏதோ வேலையைப் பாதியில் விட்ட மாதிரி.

அடுத்தது அந்த 30 நாள். சிஸ்டம் அதைக் கணக்கிடவே இல்லை. மென்பொருளை நிறுவிய காலத்தில் யாரோ ஒரு கட்டத்தில் தட்டிவிட்டுப் போன எண் அது. பழைய 14 ஆர்டர்களின் போட்ட தேதியையும் வந்து சேர்ந்த தேதியையும் எடுத்து எக்செல்லில் அடுக்கினேன். சராசரி 35 நாள். மிகக் குறைவு 24, மிக அதிகம் 63.

பிறகு செய்தது மாண்டி கார்லோ முறை. பெயர்தான் மிரட்டும். அந்த 14 காலங்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடு, தேவையையும் அந்த வீச்சுக்குள் அப்படியே எடு, சரக்கு வரும்முன் இருப்பு தீர்கிறதா பார். இதையே 10,000 தடவை செய். 500-இல் ஆர்டர் போட்டால் நூறில் 43 தடவை கை காலி. 800 என்றால் 9. 1,000 என்றால் ஒன்றுக்கும் குறைவு. மேலாளர்கள் கூட்டத்தில் இந்த மூன்று வரியை மட்டும் காட்டினேன். எது சரியான எண் என்று யாரும் சண்டை போடவில்லை. நூறில் 9 நமக்குத் தாங்குமா, 1,000 சீலில் பணத்தை முடக்கலாமா என்று பேச்சு திரும்பியது. டேஷ்போர்டில் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிந்த நாட்களில் இந்தப் பேச்சு ஒருமுறைகூட நடந்ததில்லை.

ஆனால் 14 ஆர்டர்களுக்குள் இல்லாத ஒன்று இருந்தது. சப்ளையருக்குப் போன் போட்டபோது, வார்ப்பு செய்து தருபவரையே மாற்றிவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னார்கள். 1921இல் ஃபிராங்க் நைட் என்ற பொருளியலாளர், வாய்ப்பைக் கணக்கிட முடிகிற இடர் வேறு, கணக்கிடவே முடியாத நிச்சயமின்மை வேறு என்று பிரித்தார். என் எக்செல் முன்னதற்கு உதவும். புது வார்ப்புக்காரர் பின்னதைச் சேர்ந்தவர். அவரைப் பற்றிப் பழைய தரவு ஒரு வரிகூடக் கிடையாது.

அதனால் முடிவை இரண்டாக உடைத்தோம். 800-இல் ஆர்டர். இருபதாம் நாளுக்குள் சரக்கை அனுப்பிய ரசீது வராவிட்டால், இன்னொரு சப்ளையரிடம் சிறு அளவு வாங்குவது. ஏன் இப்படி முடிவெடுத்தோம், எது நடந்தால் மாற்றுவோம் என்பதை அன்றே அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டோம். இருபதாம் நாள் நினைவூட்டும்படி சிஸ்டத்தில் ஓர் எச்சரிக்கையும் வைத்தேன்.

ரசீது பத்தொன்பதாம் நாள் வந்தது, சரக்கு 41-ஆம் நாள். அன்று தட்டில் 190 சீல் மீதி இருந்தன. பழைய 500-ஐ நம்பியிருந்தால் ஒரு வாரம் முன்பே தீர்ந்திருக்கும்.

சிஸ்டத்தில் அந்த 30-ஐ 35 ஆக மாற்ற அன்றே விண்ணப்பம் கொடுத்தேன். மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டுமாம். இரண்டு கையெழுத்து வந்திருக்கிறது.