கூதிரூரை வரைந்த கதை

இளையோருக்காக நான் எழுதிவரும் நாவலில் கூதிரூர் என்றொரு தலைநகர் வருகிறது. அந்த உலகமே கற்பனை. நாடுகள், அரசர்கள், மாதங்களின் பெயர்கள் எல்லாமே நானாக வைத்தவை. அந்த ஊரை எப்படிக் கட்டினீங்க டீச்சர் என்று என்னிடம் படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போது தாங்களும் கதை எழுதுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதிவைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரண்மனையை நான் கடைசியில்தான் வரைந்தேன். தொடங்கியது உப்பிலிருந்து.

ஊர் மலையில்தான் இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். சமவெளியில் ஒரு நகரத்தை வைத்தால், அங்கே நடக்கிறவளுக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியாது. மலையில் தெரியும். ஆனால் மலை ஊர் என்பது வேறு, மலைத் தலைநகர் என்பது வேறு. தலைநகருக்கு ஆயிரக்கணக்கான வாய்கள், எதிரிகள், வரி, பேரேடு எல்லாம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கண்டி இராச்சியத்தைப் பற்றிப் படித்தேன். அந்த நகரத்தை அப்படியே பிரதி எடுப்பதற்காக இல்லை, மலைக்குள் ஒரு தலைநகர் எப்படி உயிர்பிழைத்தது என்று அறியத்தான்.

மகாவலி ஆறு கண்டி நகரை மூன்று பக்கம் வளைத்து ஓடுகிறது. மேற்கே பலனைக் கணவாய். காட்டுப்பாதைகளை அகலப்படுத்த அரசர்கள் விடவில்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம், இடையிடையே முள்கதவு போட்ட கடவத்தைகள். 1803இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தார்கள், வைத்திருக்க முடியவில்லை. ஜூன் மாதம் பின்வாங்கிய படை, பெருகி ஓடிய மகாவலியைக் கடக்க வழியில்லாமல் அழிந்தது. 1815இல் நகரம் விழுந்ததற்குக் காரணம் பிரதானிகள் அரசனைக் கைவிட்டது. பிறகு 1820களில், எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்தபோது கொழும்பிலிருந்து வண்டிப்பாதை ஏறிவந்தது, 1867இல் ரயில் வந்தது. பாதை இல்லாததுதான் அந்த ஊரின் மதில். பாதை வந்ததும் மதில் போயிற்று.

ஆனால் அதே ஒற்றையடிப் பாதையில்தான் உப்பும் வரவேண்டும். ஒல்லாந்தரோடு செய்த 1766 ஒப்பந்தத்தோடு கண்டிக்குக் கடற்கரை இல்லாமல் போனது. உப்பும் கருவாடும் தவளம் என்கிற பொதிமாட்டுக் கூட்டங்களில் மேலே ஏறிவந்தன. கரையை வைத்திருந்த ஒல்லாந்தர் கையில் உப்பே ஓர் ஆயுதம். இதைப் படித்த அன்றே கூதிரூரின் கதையும் எனக்குக் கிடைத்துவிட்டது. எதிரிக்கு அடைத்த பாதையும் உப்புக்குத் திறந்த பாதையும் ஒன்றாக இருக்கிற நகரம்.

கணக்குப் போட்டேன். இருபதாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக்கிலோ அரிசி என்றால் பத்தாயிரம் கிலோ. ஒரு பொதிமாடு எழுபது கிலோ சுமக்கும் என்று வைத்தால், அரிசிக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் 143 மாடு ஏறவேண்டும். இது நடக்கிற காரியமில்லை. அதனால் ஊரைச் சுற்றி குரக்கன் (கேழ்வரகு) விளைகிற படிக்கட்டு வயல்களைப் போட்டேன், மக்களின் சாப்பாட்டைக் குரக்கனுக்கு மாற்றினேன், அரிசியை விசேஷ நாளுக்கு மட்டும் வைத்தேன். அந்த ஒரு முடிவிலேயே ஊரின் சமையலறை, கல்யாண விருந்து, பணக்காரன் ஏழை வித்தியாசம் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. உப்புக்கு ஆளுக்குப் பத்து கிராம் போட்டால் மொத்தம் இருநூறு கிலோ. நாளைக்கு மூன்று மாடு போதும். மூன்று மாட்டை நிறுத்தினால் ஒரு நாட்டையே மண்டியிட வைக்கலாம். நாவலின் முதற்பாகம் முழுக்க அந்த மூன்று மாட்டைப் பற்றியதுதான்.

வரைந்ததை முதலில் காட்டியது என் மாமாவிடம். கெப்பெட்டிபொலயிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டியவர், இப்போது வீட்டில் இருக்கிறார். தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“ஊரு நல்லாத்தான் இருக்கு புள்ள. ஏறி வந்த மாடு எங்க திரும்பும்?”

அவர் அடுத்துக் கேட்டவையும் அப்படித்தான். மேலே ஏறுகிறதும் கீழே இறங்குகிறதும் சந்தித்தால் யார் ஒதுங்குவது? ராத்திரி வருகிறவன் எங்கே படுப்பான்? பொதி இறக்குகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரன் தூங்குவானா? முப்பது வருஷம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவருக்குத்தான் இந்தக் கேள்விகள் வரும். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வளைவிலும் ஒரு திருப்புக்களம் வரைந்தேன். அந்தத் திருப்புக்களங்கள்தான் பிறகு ஊரின் சந்திகளாயின. தேநீர்க்கடை, லாடம் அடிக்கிற இடம், சின்னக் கோயில், சண்டை, காதல் எல்லாம் அங்கேதான். நள்ளிரவு இரண்டு மணிக்கு மரக்கறி இறக்குவதைப் பற்றி மாமா பேசியபோது, சங்க கால மதுரையில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இரண்டு சந்தை இருந்தது நினைவுக்கு வந்தது. கூதிரூரில் உப்புச்சந்தை இரவில்தான் கூடும். விலை பேசுகிற சத்தம் கேட்காவிட்டால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது.

அடுத்தது மழை. இதில் நான் நீண்ட நாள் தங்கிவிட்டேன், ஏனென்றால் இதுதான் எங்கள் நாட்டின் பெரிய அதிசயம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். மலையின் மேற்கே ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் துணி காயாது. அதே மாதங்களில் கிழக்கே ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடித்து, கொழுந்தில் அந்தப் பக்கத்துத் தேயிலைக்கே உரிய வாசத்தை ஏற்றிவிடும். பட்டிப்பொலக்கும் ஒஹியாவுக்கும் நடுவே ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போகும். இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஹப்புத்தளையில் மலைமுகடு அவ்வளவு ஒடுக்கம், றோட்டின் இரண்டு பக்கமும் பள்ளம் தெரியும்.

அதனால் கூதிரூரை அப்படி ஒரு முகட்டின் மேல் வைத்தேன். மேற்குச்சேரி, கீழைச்சேரி என்று ஊருக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் கூரை சரிந்திருக்கும், வாசல் உயரமாக இருக்கும், ஆட்கள் கம்பளியோடு திரிவார்கள். மறுபக்கம் முற்றத்தில் மிளகாய் காயும். ஆறு மாதம் கழித்து வடகீழ்ப் பருவம் வந்ததும் நிலைமை மாறும், திருவிழாவும் முகட்டைத் தாண்டி மறுபக்கம் போகும். இரண்டு சேரிக்கும் பொண்ணு கொடுத்து எடுக்கிற பழக்கம் உண்டு. மருமகளாக வந்தவள் மழைக்காலத்தில் தாய்வீட்டுக்குப் போவாள், அங்கே வெயில் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் இருந்தது. நாங்கள் பீலிக்கரையில், அதாவது ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில், வளர்ந்தவர்கள். மேலே இருக்கிறவர் என்ன செய்தாலும் கீழே இருக்கிறவர் அதைத்தான் குடிக்கவேண்டும். கூதிரூரில் ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் மக்கள் வீடு, அதற்குக் கீழே பொதுப்பீலி, அதற்கும் கீழேதான் அரண்மனை. ஊரார் பாத்திரம் நிறைந்த பிறகுதான் அரசனின் தொட்டி நிறையும். அந்த உலகத்தில் இதை யாரும் பெரிய நீதியாகப் பேசுவதில்லை. வழக்கம், அவ்வளவுதான்.

தண்ணீரை வரைந்தபோதே சரிவையும் யோசிக்க வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அதற்குப் பிறகு மலைச்சரிவில் கற்பனைக்காகக்கூட ஒரு வீட்டை என்னால் சும்மா வரைய முடியாது. நிலம் வெடிப்பது, மரங்கள் சாய்வது, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்புவது, இவையெல்லாம் மண் அசையப்போவதற்கான அறிகுறிகள். தோட்டத்தில் கான், அதாவது மழைத்தண்ணீர் வடிகிற வாய்க்கால், வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கூதிரூரில் கான்காரர்கள்தான் மிகப் பெரிய மதிப்புள்ளவர்கள். மழைக்கு முன்னால் அரசன் அவர்களோடு எல்லாக் கானையும் நடந்து பார்க்கவேண்டும். பார்க்காத வருஷத்தில் முடிசூட்டின ஆண்டுவிழா கிடையாது. பீலித் தண்ணீர் கலங்குவதை ஒரு சின்னப் பையன் கண்டுபிடிக்கிற அத்தியாயம்தான் இதுவரை எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது.

கதாநாயகி கடிதம் சுமக்கிறவள், பதினாறு வயது. அவள் எங்கிருந்து எங்கே எவ்வளவு நேரத்தில் போவாள் என்பதற்கு நெய்ஸ்மித் விதியைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கொட்லாந்து மலையேறி ஒருவர் 1892இல் சொன்னது: மணிக்கு ஐந்து கிலோமீற்றர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டு. கூதிரூரின் உப்புவாசலிலிருந்து, ஊர்க்காரர் பெயர்களை எழுதிவைக்கும் பேரேட்டு மண்டபம் இரண்டரைக் கிலோமீற்றர், ஏற்றம் 300 மீற்றர். ஆக ஒரு மணி நேரம். கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிற பெண்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதனால் சுமை உள்ள நாட்களுக்கு வேறு நேரம் வைத்தேன். ஒரு தாளில் சந்திக்குச் சந்தி நிமிடங்களை எழுதிவைத்துக்கொண்டால் கதையில் யாரும் பறந்து வரமாட்டார்கள். எழுதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள விஷயம் இதுதான்.

அவளை ஏன் கடிதக்காரி ஆக்கினேன் என்றால், நாங்கள் வளர்ந்த லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) வரும், யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்து எனக்கு வந்த கடிதம் ஒன்று, அந்தத் தேதி போன பிறகுதான் கையில் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். கூதிரூரில் அப்படி ஒன்று நடக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு கதவுக்கும் எண் உண்டு. முதலில் படிக்கட்டின் பெயர், பிறகு வளைவு, பிறகு கதவு: “பீலிப்படி, நாலாம் வளைவு, ஒன்பதாம் கதவு.” எழுத்துத் தெரியாதவரும் வாயால் சொல்லலாம்.

ஆனால் கதவு எண் இருந்தால் மட்டும் ஒருவர் ஊர்க்காரர் ஆகிவிடுவதில்லை, பேரேட்டில் பெயர் இருக்கவேண்டும். இது எங்கிருந்து வந்தது என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேத்தி நான். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள், எங்கள் லயத்திலும் பல குடும்பங்கள் கப்பல் ஏறின. பிரஜாவுரிமை வழங்கிய 2003 சட்டம் வரைக்கும் இந்தச் சிக்கல் இழுத்தது. அப்பாயி தன் காகிதங்களை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார், சாமிப் படத்துக்குப் பக்கத்தில். கூதிரூரின் பேரேட்டு மண்டபத்தை அரண்மனையைவிட உயரமாக, முகட்டின் உச்சியில் வைத்தேன். இரண்டு சேரியிலிருந்தும் அது தெரியும்.

அரண்மனை, படைவீடு, பெரிய கோயில் இவற்றை ஒரே பிற்பகலில் வரைந்து முடித்தேன். மற்ற எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு அவற்றுக்கு எந்த இடம் மிஞ்சியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. அரண்மனைக்கு முன்னால் குளம் வேண்டுமா என்று மட்டும் தயங்கினேன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலை மூடிக் கண்டிக் குளத்தைக் கட்டியபோது கட்டாய வேலைக்கு வந்தவர்கள் பட்ட கஷ்டம் ஞாபகம் வந்தது. குளம் வைக்கவில்லை.

வரைந்ததெல்லாம் பென்சிலால், மெல்லிய டிரேசிங் தாளில். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் நான் அறிந்த ஒரு முகட்டை எடுத்து, அதன் உயரக்கோடுகளைத் திருப்பிப் போட்டு, ஓடையை வேறு பக்கம் விட்டேன். உண்மையான மலை அடியில் இருந்தால் படிக்கட்டுகள் பொய் சொல்லாது. கணினியில் அழகாக வரைகிற செயலிகள் உண்டு, கடைசிப் பிரதிக்கு அவை உதவின. ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்கினால் மரமும் கோபுரமும் வைப்பதிலேயே நேரம் போய்விடும்.

இரண்டாம் பாகத்தில் கூதிரூருக்கு அகலமான பாதை போடலாம் என்று வணிகர்கள் வருகிறார்கள். பாதை வந்தால் அரிசி மலியும், உப்புக்குப் பயம் இல்லை, மாட்டுக்காரர்களுக்கு வேலை இல்லை, எதிரிக்கும் வழி. ஊர் கூடிக் கையுயர்த்தி முடிவு செய்யவேண்டும். பேரேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் கையுயர்த்தலாம். பொதிமாட்டுக்காரர்களில் பாதிப் பேரின் பெயர் இன்னும் ஏறவில்லை. கூட்டத்துக்கு முந்திய இரவு, அவர்களுடைய விண்ணப்பங்களோடு அந்தப் பெண் உப்புவாசலிலிருந்து மேலே புறப்படுகிறாள். அவளுக்குக் கிடைத்திருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, முதுகில் சுமையும் இருக்கிறது. அந்த அத்தியாயத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.